உங்கள் கைக்கு வந்த செய்திக்கு இஸ்னாத் உண்டா?





அறபுக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு என்ன படித்துக் கொடுக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். தப்ஸீர், ஹதீஸ், பிக்ஹ், அறபு இலக்கணம் என்று நான் சொல்லத் தொடங்கினால், “அதெல்லாம் சரி மௌலவி, இந்தக் காலத்துக்கு என்ன படித்துக் கொடுக்கிறீர்கள்?” என்று அடுத்த கேள்வி வரும். கையடக்கத் தொலைபேசியும் இணையமும் வீட்டின் படுக்கையறை வரை வந்துவிட்ட காலத்தில், ஆயிரம் வருடத்துக்கு முந்திய கிதாபுகள் எதற்கு உதவும் என்பதுதான் அந்தக் கேள்வியின் உட்பொருள்.

எனது பதில் இதுதான்: தொலைபேசியை எவ்வாறு இயக்குவது என்பதைக் கற்றுக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். அதில் வரும் செய்தியை எவ்வாறு ஏற்பது, எதைப் பிறருக்குச் சொல்வது, எதை மறைப்பது என்பதைக் கற்றுக்கொடுக்கும் கல்வி நமது அறபுக் கல்லூரிகளின் அலுமாரிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வகுப்பறைக்கும், அங்கிருந்து உங்கள் சமையலறைக்கும் கொண்டு வருவதுதான் பாக்கி.

செய்தியை நிறுத்துப் பார்க்கும் கலை

நபி (ஸல்) அவர்களின் பெயரால் யார் எதைச் சொன்னாலும் நமது முன்னோர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், அந்த இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்தார்களா, அவரது ஞாபகசக்தி எப்படி, அவர் பொய் பேசுபவரா என்றெல்லாம் விசாரித்தார்கள். இந்த அறிவிப்பாளர் தொடருக்குத்தான் இஸ்னாத் என்று பெயர். ஹிஜ்ரி 256இல் வபாத்தான இமாம் புகாரி (ரஹ்) அவர்களும், 261இல் வபாத்தான இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களும் தமது வாழ்நாளையே இதற்காகச் செலவிட்டார்கள். தொடரில் ஓர் ஆள் விடுபட்டிருந்தால் அதற்கு ஒரு பெயர். ஓர் ஆள் யாரென்றே தெரியாவிட்டால் அவருக்கு ‘மஜ்ஹூல்’ என்று ஒரு பெயர். இட்டுக்கட்டப்பட்டதாக இருந்தால் ‘மவ்ழூஃ’ என்று ஒரு பெயர்.

கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒரு மனிதன் பொய்யன் என்பதற்குப் போதுமானது என்ற கருத்திலமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் அவர்கள் தமது ஸஹீஹின் முன்னுரையிலேயே கொண்டு வருகிறார்கள். அந்த மனிதர் எதையும் இட்டுக்கட்டவில்லை, கேட்டதைத்தான் சொன்னார். ஆனாலும் அவர் பொய்யர் வரிசையில் சேர்க்கப்படுகிறார். ஏன்? கேட்பதற்கும் சொல்வதற்கும் இடையில் இருக்க வேண்டிய விசாரணை அவரிடம் இல்லை. சகோதரிகளே, இன்று நமது பெருவிரல் செய்யும் வேலையை இந்த ஹதீஸோடு வைத்துப் பாருங்கள்.

ஒரு குரல் பதிவும் மாணவர்களும்

மூன்றாம் வருட மாணவர்களுக்கு இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் ‘நுக்பதுல் பிகர்’ என்ற ஹதீஸ் கலை நூலை நான் நடத்தி வருகிறேன். மஜ்ஹூல் என்றால் என்ன என்ற பாடம் வந்தபோது, பழைய உதாரணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்நாட்களில் ஊரில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வட்ஸ்அப் குரல் பதிவை வகுப்பில் ஒலிக்க விட்டேன். தன்னை ஒரு வைத்தியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், பாடசாலையில் பெண் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசியால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும், தாய்மார் அனுமதி கொடுக்க வேண்டாம் என்று அழுத குரலில் பேசினார். நமது நாட்டில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து பாதுகாப்பதற்காக 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் போடப்பட்டு வரும் ஊசியைப் பற்றியதே அந்தப் பேச்சு.

“இதற்கு இஸ்னாத் தேடிக்கொண்டு வாருங்கள்” என்று மாணவர்களை விடுமுறைக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்த ஒரு மாணவர் அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவரது உம்மாவுக்கு அதை அனுப்பியவர் சாச்சி. சாச்சிக்கு அது வந்தது பெண்கள் குர்ஆன் வகுப்பின் வட்ஸ்அப் குழுமத்திலிருந்து. அக்குழுமத்தில் போட்டவர் பக்கத்து ஊர்ச் சகோதரி. அவருக்கு அனுப்பியது பெயர் தெரியாத ஓர் இலக்கம். அதோடு தொடர் அறுந்துவிட்டது. பேசிய வைத்தியரின் பெயரில்லை, கடமை செய்யும் வைத்தியசாலை இல்லை, பேசிய திகதியும் இல்லை. செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி மட்டும் இருந்தது. ஐந்து கைகளுக்கு மேல் மாறி வந்த செய்திக்கு வட்ஸ்அப் நிறுவனம் இடும் அடையாளம் அது. அவ்வாறான செய்தியை ஒரு தடவையில் ஒரே ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020இல் அந்நிறுவனமே கட்டுப்பாடு விதித்தது.

“ஹஸ்ரத், மூன்று அறிவிப்பாளர்களும் நல்லவர்கள், தொழுகையாளிகள். ஆனால் நான்காமவர் மஜ்ஹூல்” என்று அந்த மாணவர் தீர்ப்புச் சொன்னார். நான் நடத்திய எத்தனையோ பாடங்களை விட அந்த ஒரு வாக்கியம் எனக்குத் திருப்தி தந்தது.

இன்னொரு மாணவர் எழுந்து, “அது உண்மையாக இருந்தால்? சொல்லாமல் விடுவதும் குற்றமல்லவா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. உங்களில் பலரும் இந்த எண்ணத்தில்தான் அனுப்புகிறீர்கள். பிறர் மீதுள்ள அக்கறைதான் காரணம். ஆனால் அக்கறை உள்ளவர் செய்ய வேண்டியது நூறு பேருக்கு அனுப்புவதல்ல, அறிந்த ஒருவரிடம் கேட்பது. உங்கள் பிரதேசத்தில் சுகாதார வைத்திய அதிகாரியின் காரியாலயம் இருக்கிறது. வீடு தேடி வரும் மிட்வைப் இருக்கிறார். அவருக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, சொன்ன சொல்லுக்கு நாளை பொறுப்புக் கேட்க முடியும். இதுதான் இஸ்னாத் உள்ள செய்தி.

நாம் பட்டதை நாம் மறக்கலாமா?

வதந்தி என்ன செய்யும் என்பதை இந்நாட்டில் நம்மை விட அனுபவித்தவர் யார்? 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் உணவில் கிடந்த ஒரு மாக்கட்டியை, பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மாத்திரை என்று சொன்னார்கள். அந்தப் பேச்சு வீடியோவாக நாடு முழுவதும் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தபோது, நடக்க வேண்டிய அநியாயம் நடந்து முடிந்திருந்தது. சில நாட்களுக்குள் மார்ச் மாதத்தில் திகனயிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் தீ மூட்டப்பட்டது. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்க வேண்டியதாயிற்று. அந்த வன்செயலில் தனது தளம் வகித்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது.

பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்ற அதே பொய்தான் அன்று நமக்கெதிராகச் சொல்லப்பட்டது. அதே பொய் ஊசியின் பெயரில் வந்தபோது, நமது பெண்களின் தொலைபேசிகள் வழியாகவே அது பயணம் செய்தது. அன்று மாக்கட்டியைக் காட்டியவரிடம் ஆதாரம் கேட்ட நாம், இன்று நமக்குப் பிடித்தமான செய்தி வரும்போது ஆதாரம் கேட்பதில்லை. ஸூறதுல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் செய்தி வந்தால் தெளிவாக விசாரிக்கும்படி முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று காரணத்தையும் சொல்கிறது. நமக்குச் சாதகமான செய்திக்கு விசாரணை வேண்டாம் என்று அதில் எந்த விலக்கும் இல்லை.

மார்க்கத்தின் பெயரால் வருபவற்றுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். இந்த துஆவைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள், நாளை நற்செய்தி வரும் என்று எத்தனை வருகின்றன! மக்களை நன்மையில் ஆர்வமூட்ட வேண்டும் என்ற நல்லெண்ணத்திலேயே ஹதீஸ்களை இட்டுக்கட்டியவர்கள் முற்காலத்திலும் இருந்தார்கள். நமது இமாம்கள் அந்த நல்லெண்ணத்தை மன்னிக்கவில்லை. அவர்களையும் பொய்யர் பட்டியலில்தான் எழுதினார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்திருக்கிறது. ஒரு மாணவர் தனது ஒப்படைக்காக அதனிடம் கேட்டு ஒரு ஹதீஸை, புகாரியின் இலக்கத்துடன் எழுதிக்கொண்டு வந்தார். கிதாபைத் திறந்து பார்த்தோம். அந்த இலக்கத்தில் இருந்தது முற்றிலும் வேறொரு ஹதீஸ். அவர் கொண்டு வந்த வாசகத்தை எங்கு தேடியும் காணவில்லை. அந்த இயந்திரம் அழகாக வாக்கியம் அமைக்கும். அதற்கு உண்மையும் பொய்யும் தெரியாது, மறுமைப் பயமும் கிடையாது. ஆகவே மார்க்க விடயத்தை அதனிடம் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கிதாபைத் திறக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ காட்டுங்கள்.

உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா?

இதுவரை சொன்னது முதலாவது வாசல்: செய்தி உண்மையா? அதைத் தாண்டிய பின் இரண்டாவது வாசல் ஒன்று இருக்கிறது. உண்மையே ஆனாலும் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா? நமது பெண்களுக்கு அதிகத் துன்பம் வருவது இந்த இரண்டாவது வாசலைப் பூட்டாமல் விடுவதால்தான்.

ஒரு கலியாண வீட்டில் மருதோன்றி இரவு. பெண்கள் மட்டும் கூடியிருந்த இடம். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை தலை மூடாமல் சிரித்துக்கொண்டிருந்ததை உறவுக்காரப் பெண் ஒருவர் படமெடுத்துக் குடும்பக் குழுமத்தில் போட்டார். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இருக்கவில்லை. அங்கிருந்து அது யாரோ ஒருவரால் வெளியே போனது. பிள்ளைக்குப் பேசி வைத்திருந்த இடத்திலும் அதைப் பார்த்தார்கள். பேச்சு நின்றது. பிள்ளை வகுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். அவளது தாயார் தமது சகோதரரோடு என்னிடம் வந்தார். “உள்ளதத்தானே போட்டோம், பொய்யா போட்டோம் எண்டு கேக்குறாங்க மௌலவி. எனக்குப் பதில் சொல்லத் தெரியல்ல” என்று சொல்லி அழுதார்.

அந்தத் தாயாருக்கான பதிலை நபி (ஸல்) அவர்கள் முன்னரே சொல்லிவிட்டார்கள். உன் சகோதரன் வெறுக்கும் ஒன்றை அவன் இல்லாதபோது சொல்வதே ஃகீபத் என்று அவர்கள் விளக்கியபோது, அது அவரிடம் உள்ளதாக இருந்தாலுமா என்று கேட்கப்பட்டது. உள்ளதாக இருந்தால்தான் அது ஃகீபத், இல்லாததாக இருந்தால் அது அவதூறு என்று பதிலளித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆகவே ‘உள்ளதைத்தானே போட்டோம்’ என்பது மறுப்பாகாது. அதுவே குற்றத்தின் வரைவிலக்கணமாகும்.

பார்வைக்கும் இதே சட்டம்தான். நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தின் வழியாக எட்டிப் பார்த்தபோது, அனுமதி கேட்பது சட்டமாக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று அவர்கள் கண்டித்ததாக ஸஹ்ல் இப்னு ஸஃத் (ரழி) அறிவிக்கிறார்கள். ஸூறதுந் நூரின் 27ஆம் வசனம் பிறர் வீட்டில் அனுமதி பெற்று நுழையச் சொல்கிறது. இன்றைய வீட்டுக்கு இரண்டு வாசல்கள். ஒன்றை மூடித் தாழிடுகிறோம்; மற்றொன்று நமது கையில் கெமராவாகத் திறந்திருக்கிறது.

ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் மீது அவதூறு கிளம்பிய நாட்களை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு மாதம் மதீனா முழுவதும் அதே பேச்சு. அந்நாட்களில் இரண்டு பெண்கள் நடந்துகொண்ட விதம் நமக்குப் பாடமாகும். உம்மு ஐயூப் (ரழி) அவர்கள் மக்கள் பேசுவதைத் தமது கணவரிடம் சொன்னபோது, நீ அவ்வாறு செய்வாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். அல்லாஹ் மீது ஆணையாக மாட்டேன் என்றார்கள். ஆயிஷா உன்னை விடச் சிறந்தவரல்லவா என்றார் கணவர். அந்த வீட்டோடு அப்பேச்சு நின்றது. அடுத்தவர் ஸைனப் (ரழி) அவர்கள். நபியவர்களின் மனைவியரில் ஆயிஷா நாயகிக்குச் சமமாகப் போட்டியிட்டவர். அவரைப் பற்றி விசாரித்தபோது, தமது செவியையும் பார்வையையும் பாதுகாத்துக்கொள்வதாகவும், நல்லதைத் தவிர வேறெதையும் அறியவில்லை என்றும் சொன்னார்கள். போட்டியாளரைத் தாழ்த்த வாய்ப்புக் கிடைத்த இடத்தில் நாவை அடக்கினார்கள். ஸூறதுந் நூரின் 15ஆம் வசனம், மக்கள் அதை அற்பமாக எண்ணினார்கள், அல்லாஹ்விடத்தில் அது பாரதூரமானது என்று எச்சரிக்கிறது. ஒரு விரலால் தள்ளிவிடுவதை விட அற்பமாகத் தோன்றும் காரியம் வேறு உண்டா?

அந்தப் பிள்ளையின் விடயத்தில், குத்பாவில் பேசுங்கள் என்று சிலர் கேட்டார்கள். பேசியிருந்தால் அறியாதவர்களும் அறிந்திருப்பார்கள். அதனால் மறுத்துவிட்டேன். படத்தைப் போட்ட உறவுக்காரப் பெண் நேரில் சென்று பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டார். எந்தக் குழுமத்தில் போட்டாரோ அதே குழுமத்தில், அழித்துவிடுமாறு எல்லோரையும் கேட்டுக்கொண்டார். தீமை பேசிய இடத்திலேயே நன்மையைப் பேச வேண்டும் என்பது ஃகீபத்துக்கு உலமாக்கள் சொன்ன பரிகாரம். ஆலிமா ஒருவர் கிழமைதோறும் அந்த வீட்டுக்குப் போய் வந்தார். சில மாதங்களில் பிள்ளை வகுப்புக்குத் திரும்பினாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் படம் எந்தத் தொலைபேசியில் இன்னும் கிடக்கிறதோ, அல்லாஹ்வே அறிந்தவன். பிறர் சேமித்து வைத்ததை நாம் நமது பக்கத்தில் அழிப்பதால் அழிக்க முடியாது.

ஒரு விடயத்தில் தெளிவு வேண்டும். குறையை மறைப்பது என்பது கொடுமையை மறைப்பதல்ல. அநியாயத்துக்குள்ளானவர் முறையிடுவதும், தீமையைத் தடுக்க உதவி தேடுவதும், மார்க்கத் தீர்ப்புக் கேட்பதும் ஃகீபத்தில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஆறு சந்தர்ப்பங்களை எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகளின் படத்தை வைத்துக்கொண்டு ஒருவன் மிரட்டுகிறான் என்றால், மானத்துக்குப் பயந்து வாய் மூடி இருக்காதீர்கள். மகளை அடிக்கவும் வேண்டாம். பொலிஸில் முறையிடுங்கள். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கங்கள் இருக்கின்றன.

பூட்டி வைப்பது கல்வியாகுமா?

1884இல் வெலிகமையில் ஆரம்பமான பாரி அறபுக் கல்லூரி முதல், 1973இல் பேருவளையில் உருவான ஜாமிஆ நளீமிய்யா வரை, நமது நாட்டின் அறபுக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1995இல் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் இஸ்லாமிய கற்கைகளுக்கும் அறபு மொழிக்கும் தனிப் பீடமே இருக்கிறது. பெண்களுக்கான அறபுக் கல்லூரிகளும் பெருகிவிட்டன. இவை அனைத்துக்கும் முன்னால் இன்று ஒரே கேள்விதான் நிற்கிறது.

விடுதியில் தொலைபேசி கூடாது என்ற சட்டம் பல கல்லூரிகளில் உண்டு. படிக்கும் காலத்தில் அது தேவைதான். ஆனால் ஆறேழு வருடங்கள் தொலைபேசியைப் பூட்டி வைத்துவிட்டு, பட்டமளிப்பு முடிந்த மறுநாள் அதைக் கையில் கொடுத்தால் என்ன நடக்கும்? அந்த இளம் மௌலவி வெள்ளிக்கிழமை மிம்பரில் நிற்கும்போது, கிதாபில் படித்ததோடு நேற்றிரவு தொலைபேசியில் வந்ததும் அவரது வாயிலிருந்து வரும். சபை இரண்டையும் ஒன்றாகவே நம்பும்.

எனவே ஹதீஸ் கலை படிப்பிக்கும் இடத்தில் இன்றைய செய்தியை ஆராயும் பயிற்சியும் இருக்க வேண்டும். பிக்ஹில் அனுமதி கோரும் பாடம் வரும்போது, பிறர் தொலைபேசியைத் திறந்து பார்ப்பதும், கணவன் மனைவி ஒருவரையொருவர் துருவித் துருவிப் பார்ப்பதும் பேசப்பட வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதிய நாவின் ஆபத்துகளைப் படிப்பிக்கும்போது, அவற்றில் எத்தனை விரலின் ஆபத்துகளாகவும் மாறியுள்ளன என்று மாணவர்களே பட்டியலிட வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெரிய செலவோ தேவையில்லை. பழைய பாடத்தை இன்றைய உதாரணத்தோடு நடத்தும் மனம்தான் தேவை. பெண்கள் அறபுக் கல்லூரிகள் இதில் முந்திக்கொள்ள வேண்டும் என்பது எனது ஆசை. ஏனெனில் உங்கள் குழுமங்களுக்குள் ஒரு மௌலவியால் வர முடியாது. ஓர் ஆலிமாவால் முடியும்.

சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் கிழமைக்கொரு முறை பெண்கள் வகுப்பு நடக்குமானால், அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் இதற்காக ஒதுக்குமாறு ஆலிமாவிடம் கேளுங்கள். அந்தக் கிழமை குழுமத்தில் வந்த ஒரு செய்தியை எடுத்து, இதைச் சொன்னவர் யார், இதற்குத் தொடர் உண்டா, இது உண்மையா, உண்மையென்றால் நாம் சொல்ல வேண்டியதா என்று நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும். உம்மா ஒரு செய்தியை அனுப்பாமல் நிறுத்துவதைக் கண்ணால் பார்த்து வளரும் பிள்ளைக்கு, பிற்காலத்தில் நாங்கள் கல்லூரியில் அதிகம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வல்ல அல்லாஹ் நமது நாவுகளையும் விரல்களையும் பாதுகாப்பானாக! நமது குறைகளை இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வானாக! ஆமீன்.